ஊருக்குப் போகும் ஆறு வாரங்களில் ஜியோகேஷ் பெட்டிகளை யார் பார்ப்பது?

ஜூன் மாத இறுதியில் பாடசாலைகள் மூடப்பட்டதும், ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் வாழும் பல தமிழ்க் குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ புறப்பட்டுவிடுகின்றன. பெரும்பாலும் ஆகஸ்டில் நடக்கும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் கண்டுவிட்டுத் திரும்ப நினைப்பவருக்கு ஆறு வாரங்கள்கூடப் போதுவதில்லை. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் தபால்பெட்டியைப் பார்க்கவும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். காட்டுப் பாதைகளில் ஜியோகேஷ் பெட்டிகளை, அதாவது மற்றவர்கள் ஜிபிஎஸ் கொண்டு தேடிக் கண்டுபிடித்து உள்ளிருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதும் விளையாட்டுப் பெட்டிகளை, மறைத்து வைத்திருப்பவருக்கு மட்டும் இன்னொரு கவலை உண்டு. அவர் கனடாவில் இல்லாத அதே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் ஆற்றோரப் பாதைகளில் கூட்டம் நிறைந்து, பெட்டிகள் அதிகமாகத் தேடப்படுகின்றன. டிசம்பரில் போகிறவருக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் பனி மூடிய பிறகு தேடுவோரின் எண்ணிக்கை தானாகவே சுருங்கிவிடுகிறது.

பெட்டியை மறைத்து, அதன் ஜிபிஎஸ் ஆயங்களை (இடத்தைக் காட்டும் எண்களை) இணையத்தில் வெளியிட்டவர் அதை நல்ல நிலையில் வைத்திருக்கவும் வேண்டும் என்பது ஜியோகேஷிங்கின் அடிப்படை விதி. பதிவேடு நனைந்தாலோ, மூடி உடைந்தாலோ, பெட்டியே காணாமற்போனாலோ அவர் நியாயமான காலத்துக்குள் போய்ச் சரிசெய்ய வேண்டும். பயணம் இந்தக் கடமையை நீக்குவதில்லை. ஆனால் அதை எப்படி நிறைவேற்றுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க இடம் தருகிறது.

புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை நேரில் பாருங்கள். பாதி நிரம்பிய பதிவேட்டைக் கோடைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. சிறிய குப்பிகளில் இருக்கும் நாடா போன்ற காகிதம் சில வாரங்களிலேயே நிரம்பிவிடும். மூடியின் இரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். கனடியக் குளிரில் மலிவான பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். வெளிப்பார்வைக்கு நன்றாகத் தெரியும் மூடி, இரண்டாவது முறை திறக்கும்போது பிளந்துபோவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். இச்சுற்று முடிந்ததும் ஒவ்வொரு பெட்டிக்கும் இணையப் பக்கத்தில் உரிமையாளர் பராமரிப்புப் பதிவு ஒன்றை இடுங்கள். வருகிறவர்களுக்குப் பெட்டி அண்மையில் பார்க்கப்பட்டது என்ற செய்தியும், உங்களுக்கு ஒரு தேதிக் குறிப்பும் அதில் கிடைக்கும்.

பார்த்து முடித்த பிறகு, பெட்டிகளைப் பிரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே விதமாக நடத்தத் தேவையில்லை. ஜியோகேஷாக வைத்த காலி உலோக வெடிமருந்துப் பெட்டி ஒன்று, பாதையிலிருந்து விலகி, பெரிய பதிவேட்டோடு இருக்கிறது என்றால், அது ஆறு வாரங்கள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். எர்த்கேஷ் போன்றவற்றில் பெட்டியே இல்லை. தேடுபவர் அந்த இடத்தின் நிலவியலைக் கவனித்து அனுப்பும் விடைகளைப் படித்துப் பதில் எழுதுவதே வேலை என்பதால், கைப்பேசியும் இணையமும் இருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்தே அதைச் செய்யலாம். வெள்ளம் ஏறும் ஓடைக்கரையிலோ, சிறுவர் விளையாட்டு இடத்துக்கு அருகிலோ இருந்து அடிக்கடி தொலைகின்ற பெட்டிகளுக்குத்தான் உள்ளூரில் ஓர் ஆள் தேவை. ஆள் கிடைக்காவிட்டால், இப்போது தேட வேண்டாம் என்று இணையப் பக்கத்தில் காட்டி, அவற்றைத் தற்காலிகமாக முடக்கிவிடுவதே மேல்.

முடக்குவதைப் பலர் ஒரு குறையாக எண்ணித் தயங்குகிறார்கள். பார்க்க ஆளில்லாத பெட்டியைத் திறந்தபடி விட்டு, பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் நடந்து வருகிறவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதைவிட, ‘இப்போது வேண்டாம்’ என்று முன்னரே சொல்வது மரியாதை என்பது என் கருத்து. ஆனால் இதில் ஒரு கணக்கு உண்டு. தற்காலிக முடக்கம் பொதுவாக நான்கு வாரங்கள் அளவுக்கே என்று கருதப்படுகிறது. அதற்கு மேல் எந்தச் செய்தியும் இல்லாமல் கிடந்தால், மதிப்பாய்வு செய்யும் தன்னார்வலர் கேள்வி எழுப்புவார், பதில் இல்லையென்றால் பெட்டியை நடப்புப் பட்டியலிலிருந்து நீக்கி ஆவணக் கிடங்குக்கு அனுப்பியும் விடலாம். பராமரிப்பு இல்லை என்ற காரணத்தால் அப்படிப் போன பெட்டியைப் பொதுவாக மீட்டெடுக்க முடியாது. ஆகவே ஆறு வாரப் பயணத்துக்கு முடக்கும்போதே, எந்தத் தேதியில் திரும்புகிறீர்கள், எந்த வாரத்தில் பெட்டியைப் பார்ப்பீர்கள் என்று பதிவில் எழுதிவிடுங்கள். நான்காவது வாரம் நெருங்கும்போது அதே பக்கத்தில் இன்னொரு குறிப்பையும் இடுங்கள். எந்தத் தேதிகளில் வீட்டில் ஆளில்லை என்பதை உலகறியச் சொல்ல விரும்பாதவர், பயணத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், ‘செப்டெம்பர் முதல் வாரத்தில் பராமரிப்பு நடைபெறும்’ என்று மட்டும் எழுதினாலே போதும்.

இனி, உங்களுக்குப் பதிலாகப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்க் காவலரைத் தேர்ந்தெடுப்பது. உங்கள் பெட்டிகளை ஏற்கெனவே கண்டுபிடித்தவரையே கேளுங்கள். காணாத ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தால், மறைவிடத்தையும் புதிரின் விடையையும் அவருக்குச் சொல்லியாக வேண்டும். தேடும் இன்பம் அவருக்கு அத்தோடு போய்விடும். கண்டவருக்கோ பெட்டி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது நினைவிலும் இருக்கும். வண்டி உள்ளவராகவும், ஒரு வேலைநாள் மாலையில் போய்வரக்கூடிய தூரத்தில் வசிப்பவராகவும் இருந்தால் நல்லது. ஒருவரிடமே பத்துப் பெட்டிகளையும் சுமத்தாமல், இருவருக்குப் பிரித்துக் கொடுப்பது நட்புக்கும் பாதுகாப்பு.

ஒவ்வொரு பெட்டிக்கும் அவருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடுங்கள். வெறும் ஆயங்கள் போதா, ஏனெனில் அடர்ந்த மரங்களின் கீழ் ஜிபிஎஸ் பல மீட்டர் விலகிக் காட்டும். பாதையில் நின்றபடி எடுத்த ஒரு படம், மறைவிடத்தை அருகிலிருந்து எடுத்த ஒரு படம், பெட்டியை மூடித் திருப்பி வைக்க வேண்டிய முறை ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். பல கட்டங்களாக அமைந்த பெட்டியாயின் எல்லாக் கட்டங்களின் ஆயங்களும் வேண்டும். தெற்கு ஒன்ராறியோவின் காட்டுப் பாதைகளில் உடலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் நச்சுக்கொடி எங்கே படர்ந்திருக்கிறது என்பதை மறவாமல் எழுதுங்கள். ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் போகிறவர், திரும்பியதும் காலிலும் உடையிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் இருக்கின்றன.

அளவாக வெட்டிய பதிவேட்டுத் தாள்கள், ஸிப் பைகள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள், துடைக்க ஒரு பழந்துணி, அதே அளவில் மாற்றுப் பெட்டி ஒன்று ஆகியவற்றை ஒரு பையில் போட்டு அவரிடம் ஒப்படையுங்கள். பேனாவுக்குப் பதிலாகப் பென்சிலைக் கொடுங்கள், ஈரத் தாளில் பேனா எழுதாது.

கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். அதற்குத் தேவையும் இல்லை. காவலர் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தம் சொந்தக் கணக்கிலிருந்து, என்ன கண்டார், என்ன மாற்றினார் என்று ஒரு குறிப்பு இடுவார். உரிமையாளர் பராமரிப்புப் பதிவை உரிமையாளரால் மட்டுமே இட முடியும் என்பதால், அவருடைய குறிப்பைப் படித்த பின் நீங்கள் அதை இட்டு, பக்கத்தில் நிற்கும் பராமரிப்புத் தேவை என்ற அடையாளத்தை நீக்குவீர்கள். யாரும் போய்ப் பார்க்காமல், அடையாளம் மறையட்டும் என்பதற்காக மட்டும் அந்தப் பதிவை இடுகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்து வருகிறவர் உண்மையை எழுதிவிடுவார் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பயண நாட்களில் அறிவிப்புகளைப் படிப்பது எளிது. கோடையில் யாழ்ப்பாணம் ரொறன்ரோவைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ரொறன்ரோவில் இரவு எட்டு மணிக்கு எழுதப்பட்ட பதிவு உங்களுக்கு விடியற்காலை ஐந்தரைக்கு வந்து சேரும். வந்த உடனே பதற வேண்டியதில்லை. ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவில் கடினம் நான்கு என்று குறிக்கப்பட்ட பெட்டியை இருவர் காணவில்லை என்பது செய்தியே அல்ல. கடினம் ஒன்றரை என்ற பெட்டியை, நூற்றுக்கணக்கான பெட்டிகளைக் கண்ட மூவர் அடுத்தடுத்துத் தேடியும் காணவில்லை என்றால், அன்றே அதை முடக்கிவிட்டுக் காவலருக்குச் செய்தி அனுப்புங்கள். காணவில்லை என்ற பதிவுகள் சேரும்போது இணையதளமே தானாக மின்னஞ்சல் அனுப்புவதுண்டு. அது வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு சிக்கலை முன்னரே காவலரோடு பேசிவைக்க வேண்டும். பெட்டியைக் காணாத சிலர், உதவி செய்வதாக நினைத்து, அங்கேயே ஒரு புதுப் பெட்டியைப் போட்டுவிட்டுக் கண்டதாகவும் பதிந்துவிடுவார்கள். பழைய பெட்டி அதன் இடத்திலேயே இருக்க, இப்போது இரண்டு பெட்டிகள் கிடக்கும். உங்கள் காவலருக்கும் அதே ஆசை வரலாம். பழையது உண்மையிலேயே போய்விட்டது என்று, மறைவிடம் அறிந்த அவர் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மாற்றுப் பெட்டி வைக்கப்பட வேண்டும். வைப்பதற்கு முன் உங்களிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். பிறர் போட்ட பெட்டியை அவர் எடுத்து வைத்துக்கொள்ளட்டும், போட்டவருக்கு நீங்கள் நன்றி சொல்லி விளக்கம் எழுதலாம்.

முடக்கப்போகும் பெட்டியில் டிராவல் பக் போன்ற, பெட்டிக்குப் பெட்டி மாறிச் செல்வதை இணையத்தில் பின்தொடரக்கூடிய பயணப் பொருட்கள் இருந்தால், புறப்படுமுன் அவற்றை எடுத்து, திறந்திருக்கும் வேறொரு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அவற்றின் சொந்தக்காரர் எங்கோ ஒரு நாட்டில் அவை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆறு வாரம் என்பது ஆண்டுகளாக மாறினால், அல்லது வேறு நகரத்தில் வேலை கிடைத்துவிட்டால், காவலர் ஏற்பாடு தாங்காது. அப்போது தத்துக் கொடுப்பதே முறை. உரிமையாளர் இணையதளத்தில் கோரிக்கை அனுப்ப, மறுபக்கத்தார் ஏற்றுக்கொண்டதும் பெட்டியின் பக்கம் அவர் பெயருக்கு மாறும். உரிமையாளரின் சம்மதமின்றி இது நடவாது என்பதால், கணக்கை மறந்துவிடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

ஊரில் இருக்கும்போது அங்கேயும் ஒரு பெட்டி வைக்க மனம் இழுக்கும். நல்லூர் வீதியிலோ மெரீனாவிலோ வைத்துவிட்டு விமானம் ஏறுகிற பெட்டியை, அதைப் பராமரிக்க உள்ளூரில் ஒருவர் இருக்கிறார் என்று காட்டாதவரை மதிப்பாய்வாளர் பொதுவாக வெளியிட மாட்டார். ஊரில் ஜியோகேஷிங்கில் ஆர்வமுள்ள ஒரு மைத்துனனோ மருமகளோ கிடைத்தால், பெட்டியை அவர் பெயரிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

திரும்பிய முதல் வார இறுதியில், தூக்கக் கலக்கம் தீர்ந்ததும், முடக்கிய பெட்டிகளுக்கு முதலில் போங்கள். பதிவேட்டில் உள்ள பெயர்களை இணையப் பதிவுகளோடு ஒப்பிட்டுவிட்டு, அந்த இடத்தில் நின்றபடியே செயலியில் பெட்டியைத் திறந்துவிடலாம். காவலரிடம் ஒப்படைத்த பையைத் திரும்ப வாங்கப் போகும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டியோ முறுக்கோ கையில் இருக்கட்டும்.