டாங்கி மாதிரி கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி டாங்கியின் சிறு மாதிரி கட்டுவோர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது காற்றின் ஈரம். மாலை மழை ஓய்ந்து, செம்பனைக் காட்டிலிருந்து ஈரம் ஏறி வரும் வேளையில் லேக்கர் சாயம் அடிப்பதுதான் நம் ஊரில் நிகழும் மிகப் பெரிய தவறு. சாயத்தை நீர்க்கச் செய்யும் தின்னர் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிவதால், நல்ல கரும்பச்சைகூடக் காய்ந்தபின் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். வெயில் ஏறிய முற்பகலில் அடிப்பதும், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்துவதும் நல்லது. வெளுத்த இடத்தில் அதே தின்னரை மட்டும் மெலிதாகத் தூவினால் பெரும்பாலும் நிறம் மீண்டுவிடும் என்பதால், அவசரப்பட்டுச் சுரண்டிவிடக் கூடாது. காற்றை அழுத்தித் தரும் கம்பிரசரில் நீர்ப்பிடிப்பான் இல்லாமல், சாயம் தூவும் ஏர்பிரஷைக் கையில் எடுப்பதும் தவறு. குழாய்க்குள் திரண்ட நீர்த்துளி சாயத்தோடு தெறித்து, முடியும் தறுவாயிலுள்ள வேலையைக் கெடுத்துவிடும்.

நம் இராணுவத்தின் பிடி-91எம் பெண்டேகார் டாங்கியைக் கட்ட விரும்புவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி போலந்திலிருந்து வாங்கப்பட்ட அந்த 48 டாங்கிகளும் சோவியத் டாங்கியான டி-72 வழிவந்தவை என்பது உண்மையே. அதற்காக ஒரு டி-72 மாதிரிப் பெட்டியை வாங்கிச் சாயத்தை மட்டும் மாற்றினால் அது பெண்டேகார் ஆகிவிடாது. சுழல்கூண்டின் முகப்பிலும் உடலின் முன்சரிவிலும் எராவா என்னும் வெடிகவசக் கட்டிகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றின் அடுக்கையும் சாய்வையும் காட்டும் படங்களைப் பல கோணங்களில் சேர்த்த பிறகே கத்தியைத் தொட வேண்டும்.

பீரங்கிக் குழல் பார்ப்பவர் கண் முதலில் போகும் இடம். 125 மில்லிமீட்டர் குழலின் உள்விட்டம் 1/35 அளவில், அதாவது உண்மையில் 35-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர்தான். இரு பாதிகளை ஒட்டிய தழும்பை உப்புத்தாளால் நேராகத் தேய்த்தால் குழல் தட்டையாகிவிடும். தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, குழலைச் சுற்றி வளைத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகும் கோடு தெரிந்தால், அலுப்புப் பாராமல் மீண்டும் தேய்ப்பதே வழி. சக்கரங்களை ஒட்டும்போது பசை காயும்வரை உடலைக் கண்ணாடித் தகட்டின்மேல் நிறுத்தாவிட்டால், ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றுவிடும்.

எண்ணும் சின்னமும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படமான டெக்கலை மங்கலான பரப்பில் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னும். பளபளப்புப் பூச்சு முதலில், டெக்கல் அடுத்து, மங்கல் பூச்சு கடைசியில் என்பதே சரியான வரிசை.

தோட்டத்துச் செம்மண்ணை அள்ளி அப்படியே பூசுவது பலருக்கும் தோன்றும் ஆசை. ஆனால் ஒரு மில்லிமீட்டர் மணல் 1/35 அளவில் மூன்றரை சென்டிமீட்டர் கல்லுக்குச் சமம். மண்ணில் கலந்த இலைத்தூள் நம் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். நிறமிப் பொடியே பாதுகாப்பானது. சேற்றைச் சக்கரங்களுக்கும் அடிப்பகுதிக்கும் ஒதுக்கி, கூண்டின் மேல் வீரர்கள் ஏறி இறங்கும் இடங்களில் மட்டும் காலடித் தூசியாகக் காட்டினால் போதும். சங்கிலிப் பட்டை முழுவதும் வெள்ளிச் சாயம் தீட்டுவோர் உண்டு. ரப்பர் திண்டு பொருத்திய பட்டைகளில் தரையைத் தொடுவது கரிய ரப்பர். இரும்பின் மினுமினுப்பு பற்சக்கரம் கடிக்கும் இடங்களில்தான் தெரியும், அதற்குப் பென்சில் கரியை விரலால் தேய்த்தாலே போதுமானது.