நூலகத்தில் தூங்கும் பழைய சிடிக்களை எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் எல்லா சிடிக்களையும் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளியாக மின்னினால் பெரும்பாலும் ஆலையில் அச்சடித்தது, புத்தகத்தின் பின்னட்டை உறையில் வருகிற வகை. பச்சை, நீலச் சாயல் தெரிந்தால் யாரோ கணினியில் பதிந்தது. அதில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சுதான், வெயிலும் சூடும் பட்டால் கெட்டுப்போகும், அதனால் இவற்றுக்குத்தான் முதலிடம்.

அடுத்து சுத்தம். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் ஓடும் தடத்தோடே போய்விடும், அதை சிடி டிரைவால் சரிக்கட்ட முடியாது. இன்னொன்று, பலரும் பளபளக்கும் பக்கத்தையே பொத்திப் பொத்திப் பார்ப்பார்கள், ஆனால் சிடியில் தகவல் இருப்பது பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே! டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம்.

சரி, இப்போது நகல். கோப்புகளை இழுத்துப் போட்டு காப்பி எடுக்காதீர்கள், முழு வட்டையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது வட்டை அப்படியே நகலெடுத்த ஒற்றைக் கோப்பாக எடுங்கள். விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்கிற மென்பொருள் போதும். கீறல் விழுந்து திணறும் வட்டு என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்கிற மென்பொருள். எங்கெங்கே படிக்க முடியவில்லை என்று அது தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும், அதனால் நிறுத்திவிட்டு நாளைக்கு வேறொரு டிரைவில் போட்டு விட்டுப்போனதை மட்டும் படிக்க வைக்கலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று சர்வசாதாரணமாகப் படிக்கும், எனவே பழைய டிரைவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பாட்டு சிடிக்கு மட்டும் ஐஎஸ்ஓ சரிவராது, வேவ் என்கிற ஒலிக் கோப்புகளாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

கோப்புக்கு நூலகச் சேர்க்கை எண்ணையே, அதாவது நூலகப் பதிவேட்டில் அதற்குத் தந்த எண்ணையே பெயராக வையுங்கள். "புதியது 2 கடைசி" என்றெல்லாம் வைத்தால் அடுத்த வருஷம் நீங்களே தேடுவீர்கள். உடனே செக்சம், அதாவது கோப்பு பின்னால் மாறிவிட்டதா என்று சரிபார்க்க உதவும் குறியீடு, எடுத்து அட்டவணையில் எழுதிவிடுங்கள். அப்புறம் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து உள்ளே நாலைந்து பக்கங்களைப் பாருங்கள். ஒரு சிடி 700 எம்பி, ஒரு டிவிடி 4.7 ஜிபி என்று கணக்குப் போட்டு இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள், இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள்.

அசல் வட்டைப் பெட்டிக்குள் போட்டு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில், தண்ணீர் மையுள்ள மார்க்கரால் சேர்க்கை எண்ணை எழுதினால் போதும்.