அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு: பல அடுக்குப் பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயந்திரத்துக்குக் காப்பு மூடி, அதைத் திறந்தால் ஓட்டத்தை நிறுத்தும் இன்டர்லாக், பழுதுபார்க்கும்போது மெயின் சுவிட்சில் போடும் பூட்டு, வேலை அனுமதிச் சீட்டு, மேற்பார்வையாளர், கடைசியில் ஹெல்மெட்டும் கையுறையும். இத்தனை எதற்கு என்று கேட்டால், இவற்றில் எதுவுமே முழுசாக நம்பத் தக்கதல்ல என்பதுதான் பதில். ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டித் துண்டுகளை வரிசையாக நிறுத்தியதுபோல என்று விளக்கினார். எல்லா ஓட்டைகளும் ஒரே நேராக அமைந்தால்தான் விபத்து உள்ளே நுழையும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடுக்குகள் நிறைய இருக்கின்றன என்ற தைரியமே அவற்றைக் கெடுத்துவிடும். “மற்றது எல்லாம் இருக்கிறதே, இது ஒன்றைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தால் என்ன?” என்பதுதான் முதல் தவறு, என் கணக்கில் மிகப் பெரியதும் அதுவே.

1984 டிசம்பரில் போபாலில் நடந்ததைப் பாருங்கள். மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனத்தைக் குளிராக வைத்திருக்க வேண்டிய அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். வாயுவைக் கழுவும் ஸ்கிரப்பர் அவ்வளவு பெரிய கசிவைத் தாங்கும் அளவுக்கு வடிவமைக்கப்படவில்லை. பீய்ச்சிய தண்ணீரோ வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. காகிதத்தில் பார்த்தால் நான்கு அடுக்கு. அன்று இரவு ஒன்றுகூட உதவவில்லை.

வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988-ல் 167 பேர் இறந்ததும் இதே ரகம்தான். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் ஷிப்ட் மாறும்போது அடுத்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்பு நின்றதும், வால்வு கழற்றிய இந்தப் பம்பை இயக்கிவிட்டார்கள். தீயணைப்பு பம்புகளோ தானாக ஓடும் நிலையில் இல்லை. கடலுக்குள் வேலை பார்க்கும் முக்குளிப்போர் பம்பு உறிஞ்சும் தண்ணீரோடு உள்ளே இழுபடக்கூடாதென்று கையால் இயக்கும் நிலைக்கு மாற்றியிருந்தார்கள். காரணம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு ஈடாக வேறு ஏற்பாடு வேண்டாமா? ஒரு அடுக்கை நிறுத்தினால் யார் நிறுத்தியது, எதுவரை, அதுவரை பதிலுக்கு என்ன என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த ஷிப்டிடம் வாய்விட்டும் சொல்ல வேண்டும்.

அப்புறம், அடுக்குகள் உண்மையிலேயே தனித்தனியா என்று பார்க்காமல் விடுவது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் மாற்று டீசல் ஜெனரேட்டர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன, பெரும்பாலானவை தரைக்குக் கீழே உள்ள தளத்தில். 2011 சுனாமியில் ஒரே வெள்ளம் அவற்றை முடக்கியது. “எது ஒன்று நடந்தால் இரண்டும் சேர்ந்து போகும்?” என்று கேட்டுப் பார்த்தால் இந்த ஓட்டை தெரிந்துவிடும்.

மனிதர்களுக்கும் இதே விதிதான். முதல் ஆள் போட்ட கணக்கைப் பார்த்தபடியே இரண்டாவது ஆள் தலையாட்டினால் அது ஒரே சோதனை, இரண்டு கையெழுத்து. மருந்தின் அளவோ கிரேன் தூக்கும் எடையோ, இரண்டாமவர் விடையைப் பார்க்காமல் தானே கணக்கிட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். விபத்துக்குப் பிறகு படிவத்தில் இன்னொரு கையெழுத்துக் கட்டம் சேர்ப்பதும் ஒரு வழக்கம். ஆறு பேர் கையெழுத்திடும் சீட்டை ஒருவரும் படிப்பதில்லை.

ஹெல்மெட், கையுறையை முதல் அடுக்காக நினைப்பதும் தவறு. ஆபத்தையே நீக்க முடியுமா, இயந்திரத்தை மூட முடியுமா என்று பார்த்தபிறகு வர வேண்டியவை அவை.

இன்னொன்று பலருக்கும் தவறாகவே படாது. மூடி திறந்திருந்தது, பூட்டும் போடவில்லை, இன்டர்லாக் மட்டும் இயந்திரத்தை நிறுத்தியது என்று வையுங்கள். “சரி, ஒன்றும் ஆகவில்லை” என்று வேலையைத் தொடர்வார்கள். அங்கே இரண்டு அடுக்குகள் ஏற்கெனவே தோற்றுவிட்டன. விபத்து நடந்ததுபோலவே அதைப் பதிவு செய்து, மூடி ஏன் திறந்திருந்தது, பூட்டு ஏன் போடப்படவில்லை என்று அன்றைக்கே விசாரிக்க வேண்டும். சொன்னவரைத் திட்டாமல்; திட்டினால் அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள்.