ஆன்டெனாவைக் கூட்டினால் கரண்ட் மிச்சமாகுமா? கணக்கு சறுக்கும் இடங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் எம்.இ. மாணவர்களின் புராஜெக்டைத் திருத்துவது என் வேலை. பல ஆன்டெனா வைத்த மொபைல் டவரில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் தலைப்போடு ஆண்டுக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். போன மாதம் ஒரு தம்பி நீட்டிய வரைபடத்தில், ஆன்டெனா 500 வரை போக, ஆற்றல் திறனும் கூடவே ஏறிக்கொண்டே போனது. கோடு எங்கேயும் வளையவில்லை. எங்கே இடறியிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஆற்றல் திறன் என்றால் ஒரு ஜூல் செலவில் எத்தனை பிட் போய்ச் சேருகிறது என்ற கணக்கு. மேலே பிட், கீழே மின்சாரம். தம்பி கீழே போட்டது காற்றில் போகும் 10 வாட்டை மட்டும். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றுகிறவர் லாரி வாடகையையும் சுமைக்கூலியையும் விட்டுவிட்டு லாபம் சொன்ன கதைதான். சிக்னலுக்கு வலுவேற்றும் பவர் ஆம்ப்ளிஃபயரின் திறன் 40 சதவீதம் என்று வைத்தால், அந்த 10 வாட்டைத் தள்ள 25 வாட் இழுக்கும். ஒவ்வொரு ஆன்டெனாவுக்குப் பின்னாலும் தனிச் சுற்று உண்டு. அதற்கு ஒரு வாட் என்றால் 100 ஆன்டெனாவுக்கு 100 வாட். மற்ற செலவு 20 என்று வைப்போம். மொத்தம் 145. தம்பி போட்டதோ 10. அவர் காட்டிய ஆற்றல் திறன் பதினான்கரை மடங்கு ஊதிப்போயிருக்கிறது!

அனுப்பும் மொத்த பவரை மாற்றாமல் ஆன்டெனாவை இரட்டித்தால் சிக்னல் 3 டெசிபல் கூடும், அதாவது இரண்டு மடங்காகும். அதிகபட்சம் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று சொல்லும் ஷானனின் 1948 சூத்திரத்தில் லாகரிதம் இருப்பதால், ஒரு பயனாளருக்கு ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு ஒரு பிட் ஏறினாலே அதிகம். சுற்றுகளின் செலவோ அப்படியே இரட்டிக்கும். அப்புறம் கோடு ஒரு உச்சியைத் தொட்டு இறங்காமல் எங்கே போகும்?

ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு பவரை டெசிபலில் சொல்லும் டிபிஎம் கணக்கிலும் பலர் விழுகிறார்கள். 30 டிபிஎம்மோடு 30 டிபிஎம் சேர்ந்தால் 60 அல்ல, 33. 60 டிபிஎம் என்றால் ஆயிரம் வாட், 33 என்றால் வெறும் 2 வாட். வாட்டுக்கு மாற்றிக் கூட்டுங்கள்.

சேனல், அதாவது டவருக்கும் போனுக்கும் இடையே சிக்னல் போகும் வழியின் நிலை, முழுக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்வது இன்னொரு சறுக்கல். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பைலட் சிக்னல் என்று, இரு பக்கமும் முன்பே தெரிந்த குறியீடுகளை அனுப்புகிறோம். சேனல் மாறாதிருக்கும் 200 குறியீடுகளில் 20 அதற்கே போனால், வேகத்தில் பத்தில் ஒரு பங்கு கழிந்தது. தொப்பூர் கணவாயில் இறங்கும் பஸ்ஸில் சேனல் இன்னும் சீக்கிரம் மாறும். அங்கே மலை ஒரு பக்கம் மறைக்கும்போது, சிக்னல் எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வருகிறது என்ற ரேலே மாதிரியும் சரிவராது. மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஒரே வரியில் எழுதலாம் என்பதற்காகவே எல்லாரும் அதை எடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "ராத்திரி ரெண்டு மணிக்கு அஞ்செட்டி டவரில் எத்தனை பேர் இருப்பாங்க?" அவர் சிமுலேஷனில் எந்நேரமும் முழு நெரிசல். ஆளில்லாத நேரத்தில் பாதி ஆன்டெனாவை உறங்க வைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்க்கவே இல்லை. இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். கோடும் வளையத் தொடங்கிவிட்டது.