290 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றாமல் கிராபிக்ஸ் கார்டு போடுவது எப்படி?

தம்பிக்காக ஒரு டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 வாங்கினோம். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மினி டவர் மெஷின். ஐ5-4590 பிராசசர், 8 ஜிபி ராம். படிக்க, எழுத, படம் பார்க்க ஒரு குறையும் இல்லை. கேம் போட்டால் மட்டும் நொண்டும். கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்று கடையில் விசாரித்தால், "இந்த எஸ்எம்பிஎஸ் பத்தாது சார், 550 வாட் போட்டுடுங்க" என்றார்கள்.

எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டுக் கரண்டை மாற்றி மெஷினுக்குக் கொடுக்கும் பெட்டி; இதில் இருப்பது 290 வாட். இந்த மெஷினில் அதை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. மதர்போர்டுக்குப் போகும் மெயின் வயர் வழக்கமான 24 பின் கிடையாது, டெல் தனக்கென்று செய்துகொண்ட 8 பின். சாதாரண எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதற்கு ஒரு கன்வர்ட்டரும் தேட வேண்டும். அதனால் இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் அடங்கும் கார்டைத் தேடினோம். உங்களிடம் வேறு கம்பெனி மெஷின் இருந்தாலும் வழி இதேதான்.

படி 1: ஸ்டிக்கரைப் படியுங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் பெரிய எழுத்தில் உள்ள 290 வாட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் சேர்ந்த கணக்கு. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான்.

+12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வாட் வரும். உதாரணத்துக்கு 18 ஆம்பியர் என்றால் 216 வாட். 12 வோல்ட் இரண்டு வரிசையாகப் பிரித்துப் போட்டிருந்தால் இரண்டையும் அப்படியே கூட்டிவிடாதீர்கள். சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு என்பது கீழே தனியாக இருக்கும், அதுதான் கணக்கு.

பெயர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ்களின் வண்டவாளம் இந்த இடத்தில்தான் வெளிவரும். மேலே 450 வாட் என்று போட்டிருப்பார்கள். கீழே 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் இருக்கும். அதாவது 192 வாட். அதைவிட அலுவலக மெஷினோடு வரும் 290 வாட்டை நான் தாராளமாக நம்புவேன்.

படி 2: கூட்டிப் பாருங்கள்

கார்டு சொருகும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டும் என்கிற கார்டுகளில்தான் தனி பவர் வயருக்கான 6 பின், 8 பின் இணைப்புகள் இருக்கும். 6 பின்னுக்கு இன்னொரு 75 வாட், 8 பின்னுக்கு 150. அலுவலக மெஷின்களில் அந்த வயர்கள் பெரும்பாலும் இருக்காது. ஆக நம் பட்ஜெட் 75 வாட்.

ஐ5-4590-க்கு 84 வாட். ஐ7-4790 என்றாலும் அதே 84தான். மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வைப்போம். கார்டுக்கு 75. மொத்தம் 209. 290-இல் இது முக்கால் பங்குகூட இல்லை; படி 1-இல் வந்த 12 வோல்ட் கணக்குக்குள்ளும் அடங்கினால் போதும். இதே 9020-இன் சின்ன கேபினெட் மாடலில் 255 வாட் எஸ்எம்பிஎஸ்தான் இருக்கிறது. அங்கே 75 வாட் கார்டு போட்டால் இடுக்கிப் பிடித்த மாதிரி ஆகிவிடும். 50 வாட்டுக்குள் தேடுவது நல்லது.

படி 3: கார்டைத் தேர்ந்தெடுங்கள்

ஜிடி 1030: 30 வாட்தான், எதிலும் ஓடும். ஆனால் கேமுக்கு என்று வாங்கினால் ஏமாற்றம்தான். அதிலும் டிடிஆர்4 மெமரி போட்ட ஒரு வகை இருக்கிறது, அது இன்னும் மந்தம்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ: 2016-இல் வந்தது, 75 வாட், 4 ஜிபி. இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கிறது. ஆனால் இந்தத் தலைமுறைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு புது கேம்களுக்கான டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ரொம்ப மலிவாகக் கிடைத்தால் மட்டும் பாருங்கள்.

ஜிடிஎக்ஸ் 1650: 2019-இல் வந்தது, இதுவும் 75 வாட். நாங்கள் வாங்கியது இதைத்தான். ஒரு சிக்கல் உண்டு: ஒரே பெயரில் சில கம்பெனிகள் 6 பின் வைத்தும் விற்றன. பெட்டியில் பெயரை மட்டும் பார்க்காமல், கார்டின் மேல் விளிம்பு தெரியும் போட்டோவைக் கேட்டு வாங்குங்கள். 1650 சூப்பர் வேறு ஜாதி. 100 வாட், 6 பின் இல்லாமல் ஓடாது.

புதிதாகவே வாங்க முடியும் என்றால் ஆர்டிஎக்ஸ் 3050, அதிலும் 6 ஜிபி. 2024-இல் வந்தது, 70 வாட். 8 ஜிபி 3050 வேண்டாம், அது 130 வாட்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400-க்கு 53 வாட்தான் என்றதும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அது ஸ்லாட்டில் தகவல் போய்வரும் 16 பாதைகளில் நாலை மட்டுமே பயன்படுத்தும். நம்மிடம் இருப்பது பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டு, பாதையின் வேகமும் பாதியாகிவிடும். 4 ஜிபி மெமரி நிரம்பும் கேம்களில் திக்கித் திணறும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) வேண்டும். இந்த வயது மெஷின்களில் பொதுவாகக் கிடையாது.

இங்கே ஒரு சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் வேறொரு மெஷினில் 6 பின் கேட்கும் கார்டு ஒன்றை, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவரை 6 பின்னாக மாற்றும் கன்வர்ட்டர் வயரை வைத்து ஓட்டினேன். கடைக்காரர் "எல்லாரும் இதான் சார் போடுறாங்க" என்றார். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் கருகும் வாசம். மூடியைத் திறந்தால் சாட்டா பிளக்கின் ஒரு ஓரம் பழுப்பாகி உருகி, பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் கணக்குப் போட்டேன்: சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின் இழுக்கக்கூடியது 75. உருகாமல் என்ன செய்யும்? அந்த வயரை வாங்கவே வாங்காதீர்கள்.

படி 4: ஸ்கேலை எடுங்கள்

ஸ்லாட்டிலிருந்து முன்பக்க ஹார்டு டிஸ்க் கூடு வரை எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். 1650-இல் பல மாடல்கள் இரண்டு ஸ்லாட் அகலத்தை அடைத்துக்கொள்ளும். சின்ன கேபினெட் என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் நிற்கும். அதைக் கேபினெட்டில் பொருத்தும் குட்டைப் பட்டையும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் மானிட்டர். உங்களுடையது நீல விஜிஏ பிளக் மட்டும் உள்ள பழைய மானிட்டரா? மேலே சொன்ன கார்டுகளில் பொதுவாக விஜிஏ வராது. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வர்ட்டர் ஒன்று தேவைப்படும்.

படி 5: பயாஸை முதலில் புதுப்பியுங்கள்

பயாஸ் என்பது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள். பழைய பயாஸில் புது கார்டு போட்டு, கறுப்புத் திரையைப் பார்த்து "கார்டு டெட்" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. கார்டு போடுவதற்கு முன்பே, மெஷினில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் என்ற அடையாள எண்ணை டெல் தளத்தில் கொடுத்து கடைசி பயாஸை இறக்கி ஓட்டிவிடுங்கள். நடுவில் கரண்ட் போகக் கூடாது.

படி 6: மாட்டுங்கள்

ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போக, கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். மெஷினைப் படுக்கவைத்து, ஸ்லாட்டுக்கு நேரான பின்பக்கத் தகடுகளைக் கழற்றுங்கள். சில மெஷின்களில் ஸ்க்ரூ இருக்காது, மடக்கும் பிடிதான். கார்டை விளிம்பில் பிடித்து, பிராசசருக்கு அருகில் உள்ள நீளமான ஸ்லாட்டில் நேராக வைத்து இரண்டு கையாலும் சமமாக அழுத்துங்கள். 'டக்' என்று ஸ்லாட் முனையின் கொக்கி பூட்டும். தங்க நிறப் பற்கள் வெளியே தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

மானிட்டர் வயரைக் கார்டில் சொருகுங்கள். பழக்கதோஷத்தில் மதர்போர்டிலேயே சொருகிவிட்டுத் திரை வரவில்லை என்று நானும் ஒரு தடவை பத்து நிமிடம் விழித்திருக்கிறேன்.

படி 7: டிரைவர், சோதனை

என்விடியா தளத்திலிருந்து டிரைவரை நேரடியாக இறக்குங்கள். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பல போலிகளை அது காட்டிக்கொடுத்துவிடும். காசு கொடுப்பதற்கு முன் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

பிறகு கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டி, சூட்டைக் கவனியுங்கள். 80 டிகிரிக்குள் இருந்தால் சரி. லோடு ஏறியதும் மெஷின் மொத்தமாக அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். திரையில் கோடும் புள்ளியுமாக வந்தால் கார்டு. இழுபறியாக இருந்தால் ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் அந்த அளவுக்குக் குறையாது.

எங்கள் மெஷின் முதல் நாளே கேமுக்கு நடுவில் பட்டென்று அணைந்தது. தம்பி முகம் வெளிறிப்போய் எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டினான். ஃபேனும் சுற்றவில்லை, டியூப்லைட்டும் எரியவில்லை: கரண்ட் போயிருந்தது. கீழே இருந்த யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருக்கிறது.