சரக்கு இல்லை, ஆர்டர் தாமதம்: சப்ளையரின் ஆங்கில மெயிலைப் படிப்பது எப்படி?

'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்றால் சரக்கு இல்லை. அதற்கு யாரும் அகராதியைப் புரட்டப் போவதில்லை. தாமதம் பற்றிய மெயில்களில் நம் காலை வாரிவிடுபவை 'பை', 'அன்டில்', 'எக்ஸ்பெக்டட்' மாதிரியான பொடிச் சொற்கள்தான்.

ஒருமுறை 'வில் ஷிப் பை 20 ஜூன்' என்று வந்த மெயிலைப் படித்துவிட்டு, 20ஆம் தேதி சரக்கு கையில் இருக்கும் என்று என் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் அது கிடங்கை விட்டே கிளம்பியது. கைக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆனது. மெயிலில் ஒரு தப்பும் இல்லை. ஒழுங்காகப் படிக்காதது நான்தான்.

படி 1: வருமா, வராதா?

மெயிலைத் திறந்ததும் தேதியைத் தேடாதீர்கள். பொருள் திரும்ப வருமா என்பதை முதலில் பாருங்கள்.

'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்று மட்டும் இருந்தால் இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம். முன்னால் 'டெம்பரரிலி' சேர்ந்திருந்தால் திரும்ப வரவழைக்கும் எண்ணம் இருக்கிறது. 'ஸோல்ட் அவுட்' என்றால் இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தது. மறுபடி வருமா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறக்காது, நாம்தான் கேட்க வேண்டும். 'டிஸ்கன்டின்யூட்' என்று பார்த்தால் காத்திருக்க வேண்டாம், அந்தப் பொருளையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வரிகளில் 'ஆல்டர்னேட்டிவ்', 'சப்ஸ்டிட்யூட்' என்று ஏதாவது மாற்றுப் பொருள் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அதிகம் குழப்புவது 'பேக்ஆர்டர்'. 'பேக்' என்பதைப் பார்த்து, ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பதறுபவர்கள் உண்டு. உண்மை நேர் எதிர். சரக்கு இப்போது இல்லை, ஆனாலும் உங்கள் ஆர்டரை ஏற்றுக்கொண்டு வரிசையில் வைத்திருக்கிறோம் என்று பொருள். 'யுவர் ஐட்டம் இஸ் ஆன் பேக்ஆர்டர்' என்று வந்தால் மறுபடி ஆர்டர் போடாதீர்கள், இரண்டு மடங்கு சரக்கு வந்து இறங்கும். 'ப்ரீஆர்டர்' என்பது இன்னும் விற்பனைக்கே வராத பொருளுக்கு முன்கூட்டிச் சொல்லிவைப்பது. 'பேக்லாக்' என்றால் அவர்களிடம் முடிக்காமல் தேங்கிக் கிடக்கும் ஆர்டர்கள்.

படி 2: எந்த வேலை எப்போது நடக்கும்?

'டிஸ்பேட்ச்', 'ஷிப்' இரண்டும் அனுப்புவதைக் குறிக்கும். 'டெலிவர்', 'அரைவ்' என்று இருந்தால்தான் வந்து சேரும் கணக்கு. 'ஷிப்' என்றதும் கப்பலைத் தேட வேண்டாம். லாரியில் வந்தாலும் விமானத்தில் வந்தாலும் 'ஷிப்'தான்.

'ஈ.டி.ஏ.' என்றால் வந்து சேரும் உத்தேச நேரம். 'ஈ.டி.டி.' கொஞ்சம் வில்லங்கமானது. சிலர் கிளம்பும் நேரத்துக்கும், சிலர் டெலிவரி நேரத்துக்கும் அதையே எழுதுவார்கள். இந்த இடத்தில் ஊகிக்காமல் கேட்டுவிடுவதே நல்லது. 'லீட் டைம்' என்பது ஆர்டர் போட்டதிலிருந்து ஆகும் காலம். அது சரக்கு கிளம்பும்வரையா, கைக்கு வரும்வரையா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

'பிசினஸ் டேஸ்' என்று இருந்தால் வேலை நாட்களை மட்டும் எண்ணுங்கள். வெள்ளிக்கிழமை ஆர்டர் போட்டு 'ஃபைவ் பிசினஸ் டேஸ்' என்று பதில் வந்தால், சனி, ஞாயிறு விடுமுறையைக் கழித்து அடுத்த வெள்ளிதான் கணக்கு. புதன்கிழமையே போன் போட்டு சத்தம் போடக்கூடாது.

படி 3: பொடிச் சொற்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஜூலை 1 வர வேண்டிய சரக்கு ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

'டிலேய்டு பை 10 டேஸ்.'
'வில் அரைவ் பை 10 ஜூலை.'

இரண்டிலும் 'பை'. முதல் வரியில் பின்னால் வருவது கால அளவு, அதனால் 'பை' எவ்வளவு தாமதம் என்பதைச் சொல்கிறது. சரக்கு ஜூலை 11 வரும். இரண்டாவதில் பின்னால் வருவது தேதி, அதனால் 'பை' என்றால் 'அதற்குள்'. ஜூலை 10க்குள் எந்த நாளிலும் வரலாம். அளவு வந்தால் 'இவ்வளவு', தேதி வந்தால் 'இதற்குள்'. இதை மட்டும் எழுதி மேஜையில் ஒட்டிவைத்தாலும் போதும்.

'அன்டில்' என்பது 'வரை'. 'நாட் அவைலபிள் அன்டில் 10 ஜூலை' என்றால் அதுவரை கிடைக்காது, 10ஆம் தேதி வாக்கில் கிடைக்க ஆரம்பிக்கும். தமிழில் யோசித்து எழுதும்போது நாம் 'பை' போட வேண்டிய இடத்தில் இதைப் போட்டுவிடுகிறோம். 'ப்ளீஸ் செண்ட் இட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளிவரை அனுப்பிக்கொண்டே இருங்கள் என்கிற மாதிரி ஆகிவிடும். வெள்ளிக்குள் வேண்டுமென்றால் 'பை ஃப்ரைடே'.

'புஷ்டு பேக்' என்றால் தள்ளிப்போனது, 'பிராட் ஃபார்வர்ட்' என்றால் முன்கூட்டி வைத்தது. நமக்குப் பழகிய 'ப்ரீபோன்' இந்திய ஆங்கிலத்தில் புழங்கும் சொல். வெளிநாட்டு சப்ளையருக்கு எழுதும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தேதிக்கு முன்னால் 'எஸ்டிமேட்டட்', 'எக்ஸ்பெக்டட்', 'டென்டேட்டிவ்' என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது வாக்குறுதி அல்ல, உத்தேசம். 'கன்ஃபர்ம்டு' என்று எழுதித் தரும்வரை உங்கள் வாடிக்கையாளரிடம் அந்தத் தேதியைச் சொல்லாதீர்கள். 'சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி' என்றால் சரக்கு இருந்தால்தான் கிடைக்கும் என்று முன்கூட்டியே கையைக் கழுவிவிட்டார்கள்.

படி 4: ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்போம்

'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ தட் 40 ஆஃப் தி 100 யூனிட்ஸ் ஆர் ஆன் பேக்ஆர்டர் ட்யூ டு எ ஷார்ட்டேஜ் ஆஃப் ரா மெட்டீரியல்ஸ். தி ரிமெய்னிங் 60 வில் ஷிப் டுமாரோ. வி எக்ஸ்பெக்ட் டு ரீஸ்டாக் பை 18 ஜூலை.'

'வி ரிக்ரெட்' வெறும் மரியாதை, தாண்டிப் போங்கள். 40 வரிசையில் இருக்கிறது, ரத்தாகவில்லை. 'ட்யூ டு' வந்தால் அடுத்து வருவது காரணம், இங்கே மூலப்பொருள் தட்டுப்பாடு. 60 நாளைக்குக் கிளம்புகிறது, வந்து சேருவது என்றைக்கு என்று சொல்லவில்லை. இப்படிப் பிரித்து அனுப்புவதற்குப் பெயர் 'பார்ஷியல் ஷிப்மென்ட்'. கடைசி வரியில்தான் சூட்சுமம்: 18ஆம் தேதிக்குள் *அவர்கள் கிடங்குக்கு* சரக்கு வரும் என்று *எதிர்பார்க்கிறார்கள்*. உங்கள் கைக்கு வரும் தேதி இந்த மெயிலில் எங்கேயும் இல்லை.

படி 5: பதில் எழுதுங்கள்

நீளமாக வேண்டாம். மெயில் சொல்லாமல் விட்டதை மட்டும் கேளுங்கள்:

'தேங்க் யூ ஃபார் தி அப்டேட். ப்ளீஸ் கோ அஹெட் வித் தி பார்ஷியல் ஷிப்மென்ட். குட் யூ கன்ஃபர்ம் தி டெலிவரி டேட் ஃபார் போத் பார்ட்ஸ்?'

காத்திருக்க முடியாதென்றால் இரண்டாவது வரிக்குப் பதில் 'ப்ளீஸ் கேன்சல் தி பேக்ஆர்டர்டு ஐட்டம்ஸ் அண்ட் ரீஃபண்ட் தி பேலன்ஸ்' என்று போட்டு, மூன்றாவது வரியில் 'போத் பார்ட்ஸ்' இருந்த இடத்தில் 'தி 60 யூனிட்ஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். சீக்கிரம் அனுப்பச் சொல்ல 'எக்ஸ்பெடைட்' என்ற சொல் இருக்கிறது. கூடுதல் கட்டணம் உண்டா என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

தேதி எழுதும்போது மாதத்தின் பெயரையும் எழுதுங்கள். 05/07 என்றால் பிரிட்டனில் இருப்பவர் ஜூலை 5 என்று படிப்பார், அமெரிக்காவில் இருப்பவர் மே 7 என்று படிப்பார்.