ரிஜெக்ட் குறைய எதை முதலில் சரிசெய்வது?

பனியன் யூனிட்டில் ஒரு மாத ரிஜெக்ட் (குறை இருப்பதால் ஒதுக்கப்பட்ட துணி) கணக்கை எக்செலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலமாக (column) எழுதுங்கள்: காரணம், அதனால் போன பணம். இரண்டையும் தேர்வு செய்து, இன்சர்ட் பகுதியில் ஹிஸ்டோகிராம் பட்டனுக்குள் இருக்கும் பரேட்டோ படத்தைத் தட்டுங்கள். எக்செல் 2016 முதல் இது உண்டு. தூண்களைப் பெரியதிலிருந்து சிறியதாகத் தானே அடுக்கி, ஒவ்வொரு தூணாகக் கூட்டிக்கொண்டே போகும் சதவீதக் கோட்டையும் போட்டுவிடும். கோடு 80 சதவீதத்தைத் தொடும் இடம்வரை உள்ள தூண்களை மட்டும் முதலில் கவனியுங்கள்.

எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, தையல் விடுபடுதல், அளவு மாறுதல், ஷேடு (நிற) வித்தியாசம் என்று பட்டியல் நீளும். ஆனால் நஷ்டத்தின் பெரும்பங்கு பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்களில்தான் குவிந்திருக்கும். தர நிபுணர் ஜோசப் ஜுரான் இதைத்தான் இத்தாலியப் பொருளாதார அறிஞர் பரேட்டோவின் பெயரால் அழைத்தார். எண்ணிக்கைக்குப் பதில் பணத்தைப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தையல் விட்டதை மறுபடி தைத்துவிடலாம், ஊசி ஓட்டை விழுந்த துணி போனது போனதுதான்.

தூண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றால் இந்தப் படம் உதவாது. மெஷின்வாரியாகவோ ஷிப்ட்வாரியாகவோ பிரித்துப் போட்டுப் பாருங்கள். ‘இதர’ என்பதே பெரிய தூணாக வந்தால், செக்கிங்கில் காரணத்தைச் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம். அப்புறம், உடைந்த ஊசி முனை துணியில் தங்குவது போன்ற ஆபத்துகளுக்குப் படமே வேண்டாம். ஒரு தடவை நடந்தாலும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.